கியர் வண்டியா, ஆட்டோ கியர் வண்டியா?

வீட்டுக்கு ஒரு வண்டி வாங்கலாம் என்று பேச்சு எழுந்தால் போதும், அடுத்த நிமிடமே வீடு இரண்டு கட்சியாகிவிடும். பையன் கியர் பைக் கேட்பான். "எல்லாரும் ஓட்டுற மாதிரி ஒரு ஸ்கூட்டி வாங்கினா என்ன?" என்பார் அம்மா. அப்பா எதுவும் பேசாமல் மைலேஜ் எவ்வளவு என்று விசாரிப்பார். கடைசியில் பணம் யார் கையில் இருக்கிறதோ அவர் சொன்ன வண்டி வாசலில் வந்து நிற்கும்!

தானாகவே கியர் மாற்றிக்கொள்ளும் இரு சக்கர வண்டியால் என்ன நன்மை, என்ன தீமை என்பதை நிதானமாகக் கணக்குப் போட்டுப் பார்ப்பவர்கள் குறைவு. 'கியர் வண்டி ஓட்டுகிறவன்தான் வண்டி ஓட்டத் தெரிந்தவன்' என்று ஒரு தரப்பு. 'இந்தக் காலத்தில் யாராவது காலால் கியர் போட்டுக்கொண்டு இருப்பார்களா?' என்று மறு தரப்பு. இரண்டு பேர் சொல்வதிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. அது எவ்வளவு என்று பார்க்கலாம்.

கியர் எதற்கு?

பெட்ரோல் இன்ஜினுக்கு ஒரு குணம் உண்டு. மெதுவாகச் சுற்றும்போது அதனிடம் பலம் இருக்காது. ஆனால் நின்ற இடத்திலிருந்து வண்டியை நகர்த்தத்தான் அதிக பலம் தேவை. ஓட ஆரம்பித்த பிறகு பலம் குறைவாக இருந்தாலும் போதும், வேகம் வேண்டும். கியர் சைக்கிள் ஓட்டியவர்களுக்கு இது எளிதில் புரியும். மேடு ஏற ஒரு பல்சக்கரம், சமதரையில் பறக்க இன்னொரு பல்சக்கரம். மோட்டார்சைக்கிளிலும் அதே கதைதான். நான்கு, ஐந்து, ஆறு ஜோடிப் பல்சக்கரங்கள் உள்ளே இருக்கின்றன. எந்த நேரத்தில் எந்த ஜோடி வேலை செய்ய வேண்டும் என்று ஓட்டுகிறவர் முடிவு செய்கிறார்.

ஒரு ஜோடியிலிருந்து இன்னொன்றுக்கு மாற வேண்டுமானால், இன்ஜினுக்கும் சக்கரத்துக்கும் உள்ள தொடர்பைச் சிறிது நேரம் துண்டிக்க வேண்டும். அந்த வேலையைச் செய்வது கிளட்ச். இடது கை கிளட்சைப் பிடிக்க, இடது கால் கியரை மிதிக்க, வலது கை ஆக்சிலரேட்டரைக் குறைக்க, மூன்றும் ஒரே சமயத்தில் நடக்க வேண்டும். பழகியவருக்கு இது மூச்சு விடுவது போல. பழகாதவருக்கு வண்டி ஒரு குதி குதித்து ஆஃப் ஆகும்.

ஒரு சின்னக் கணக்கு. அலுவலகத்துக்குப் போகும் வழியில் ஒருவர் சிக்னல், வேகத்தடை, மாடு, மினி பஸ் என்று 20 இடங்களில் நிற்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு முறையும் கியரைக் குறைத்து நியூட்ரலுக்கு வந்து, மறுபடி முதல் கியரிலிருந்து ஏறுவதற்குள் ஏறக்குறைய 8 தடவை கிளட்ச் பிடிக்க வேண்டும். போக 160, வர 160. மாதம் 25 நாள் வேலை என்றால் 8,000 தடவை! இடது கை மணிக்கட்டு வலிக்கிறது என்று யாராவது சொன்னால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை.

தானியங்கியில் மூன்று வகை

'ஆட்டோ கியர்' என்று ஒரே பெயரில் சொன்னாலும் உள்ளே இருக்கும் பொறி ஒன்றல்ல. முக்கியமாக மூன்று வகைகளைச் சொல்லலாம்.

முதல் வகை, கிளட்ச் மட்டும் தானாக வேலை செய்வது. 1958-ல் ஜப்பானில் ஹோண்டா நிறுவனம் சூப்பர் கப் என்ற சிறிய வண்டியை வெளியிட்டது. சோபா என்ற நூடுல்ஸ் உணவை வீடு வீடாகக் கொண்டுபோகும் கடைப் பையன், ஒரு கையில் தட்டைத் தூக்கிக்கொண்டு மறு கையால் ஓட்டக்கூடிய வண்டியாக அது இருக்க வேண்டும் என்பது அதை உருவாக்கியவர்களின் எண்ணம். அதனால் இடது கையில் கிளட்ச் பிடியே வைக்கவில்லை. ராட்டினம் வேகமாகச் சுற்றும்போது தொட்டி வெளிப்பக்கம் வீசப்படுவது போல, இன்ஜின் வேகம் கூடும்போது கிளட்ச் உள்ளேயிருக்கும் எடைகள் வெளியே தள்ளப்பட்டு, கிளட்ச் தானாகப் பிடித்துக்கொள்ளும். கியரை மட்டும் காலால் மாற்ற வேண்டும். அந்தக் குடும்பத்து வண்டிகளின் உற்பத்தி 2017-ல் 10 கோடியைத் தாண்டியது. உலகத்தில் இத்தனை எண்ணிக்கையில் செய்யப்பட்ட மோட்டார் வாகனம் வேறு இல்லை.

இரண்டாவது வகை, நம் ஊர் ஸ்கூட்டர்களில் இருக்கும் பெல்ட் முறை. இதை சி.வி.டி. என்பார்கள். முன்னால் ஒரு கப்பி, பின்னால் ஒரு கப்பி, நடுவில் ஒரு ரப்பர் பெல்ட். ஒவ்வொரு கப்பியும் இரண்டு தட்டுகளால் ஆனது. வேகம் கூடும்போது முன் கப்பியில் உள்ள உருளைகள் வெளியே ஓடி, தட்டுகளை நெருக்கும். பெல்ட் அகலமான வட்டத்துக்கு ஏறும். அதே நேரத்தில் பின் கப்பியின் தட்டுகள் விலகி, பெல்ட் சின்ன வட்டத்துக்கு இறங்கும். விளைவு, யாரும் தொடாமலேயே கியர் மாறிக்கொண்டே இருக்கும். 'கியர் இல்லாத வண்டி' என்று சொல்கிறோமே தவிர, உண்மையில் இதில் எண்ணி முடியாத அளவுக்குக் கியர்கள் இருக்கின்றன!

மூன்றாவது வகை, பெரிய பைக்குகளில் வருவது. வழக்கமான பல்சக்கரங்கள்தான்; ஆனால் அவற்றை மாற்றுவது கணினியும் சிறு மோட்டார்களும். 2010-ஆம் ஆண்டு மாடலாக வந்த ஹோண்டா வி.எஃப்.ஆர். 1200-ல் இரட்டை கிளட்ச் முறை முதன்முதலாக மோட்டார்சைக்கிளுக்கு வந்தது. ஒற்றைப்படை கியர்களுக்கு ஒரு கிளட்ச், இரட்டைப்படைக்கு இன்னொரு கிளட்ச். மூன்றாவது கியரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே நான்காவது தயாராக நிற்கும். அதனால் மாறுவதே தெரியாது. இந்தியாவில் 2017-ல் விற்பனைக்கு வந்த ஆப்பிரிக்கா ட்வின் பைக்கில் இந்த முறை இருந்தது. 2024-ல் யமஹா எம்.டி. 09 பைக்கிலும் பி.எம்.டபிள்யூ. ஆர் 1300 ஜி.எஸ். பைக்கிலும் தானியங்கி முறைகள் வந்தன. ஹோண்டாவே 'ஈ கிளட்ச்' என்று இன்னொரு வழியையும் கொண்டு வந்தது. அதில் கிளட்ச் பிடி இருக்கும், ஆனால் பிடிக்க வேண்டிய அவசியம் இல்லை.

இந்த முயற்சிகள் எல்லாம் நேற்று தொடங்கியவை அல்ல. 1975-ல் இத்தாலியின் மோட்டோ குஸ்ஸி நிறுவனமும், 1976-ல் ஹோண்டாவும் கார்களில் உள்ளது போன்ற எண்ணெய் வழி தானியங்கி முறையைப் பெரிய பைக்குகளில் வைத்துப் பார்த்தன. எடை கூடியது, வேகம் குறைந்தது. பெரிய பைக் வாங்குகிறவர் வேகத்துக்காகத்தானே வாங்குகிறார்? அவை அதிக நாள் நிலைக்கவில்லை.

நம் ஊரில் எப்படி வந்தது?

ஓசூரில் 1980-ல் தொடங்கிய டி.வி.எஸ். 50 மொபெட்டைத் தமிழ்நாட்டில் தெரியாதவர் இல்லை. ஒரே கியர், தானாகப் பிடிக்கும் கிளட்ச். பால் கேன், தண்ணீர்க் குடம், வைக்கோல் கட்டு, நெல் மூட்டை என்று எதை ஏற்றினாலும் தாங்கும். 'ஆட்டோமேட்டிக்' என்ற சொல்லைக் கேள்விப்படாதவர்கள்கூட அந்த வண்டியை ஓட்டினார்கள். அதன் வாரிசான எக்ஸ்.எல். இன்றும் கிராமத்துச் சந்தைகளுக்குப் போய் வருகிறது.

1980-களின் நடுவில் கைனெடிக் ஹோண்டா வந்தது. பெல்ட் முறையும் பட்டன் ஸ்டார்ட்டும் சேர்ந்து வந்ததால், இடது கைப்பிடியைத் திருகிக் கியர் போடும் பழைய ஸ்கூட்டர்களுக்கு நடுவில் அது புதுமையாகத் தெரிந்தது. 1994-ல் டி.வி.எஸ். ஸ்கூட்டி வந்தது. இன்றைக்கு எந்தக் கம்பெனி வண்டியாக இருந்தாலும் 'ஸ்கூட்டி' என்றே சொல்லும் அளவுக்கு அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. 2001-ல் ஆக்டிவா வந்த பிறகு ஆண்களும் கூச்சமில்லாமல் ஸ்கூட்டர் வாங்கத் தொடங்கினார்கள்.

ஆனால் 2009-ல் டி.வி.எஸ். நிறுவனம் ஜைவ் என்று ஒரு பைக் கொண்டு வந்தது. பார்க்க அசல் பைக், 110 சிசி, நான்கு கியர், கிளட்ச் பிடி மட்டும் இல்லை. நெரிசலான ஊர்களுக்கு ஏற்ற யோசனைதான். மக்கள் வாங்கவில்லை. சில ஆண்டுகளில் அது காணாமல் போனது. ஸ்கூட்டரில் கிளட்ச் இல்லாததை ஏற்றுக்கொண்ட அதே ஆள், பைக்கில் கிளட்ச் இல்லாததை ஏற்றுக்கொள்ளவில்லை. பொறியியலை விட மனசுதான் வண்டியைத் தேர்ந்தெடுக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

நன்மைகள்

முதல் நன்மை, கற்றுக்கொள்வது சுலபம். சமநிலை, பிரேக், சாலையைப் பார்ப்பது என்று மூன்று விஷயங்களை மட்டும் பழகினால் போதும். கியர் வண்டியில் புதிதாக ஓட்டுகிறவரின் கவனத்தில் பாதி இடது காலில் போய்விடுகிறது. எதிரே வரும் லாரியைப் பார்க்க வேண்டிய நேரத்தில், எந்தக் கியரில் இருக்கிறோம் என்று குனிந்து பார்ப்பவர்கள் உண்டு.

இரண்டாவது, நெரிசலில் அலுப்பு இல்லை. மேலே சொன்ன 8,000 தடவை பிடிக்கும் வேலை மொத்தமாக மிச்சம். மேம்பாலத்தின் ஏற்றத்தில் வண்டிகள் அங்குலம் அங்குலமாக நகரும்போது, பின்னால் உருளாமல் கிளட்சைப் பாதி விட்டுப் பிடிக்கும் வித்தையும் தேவையில்லை.

மூன்றாவது நன்மைதான் எல்லாவற்றையும் விடப் பெரியது. யாரெல்லாம் வண்டி ஓட்டலாம் என்ற வட்டத்தை இது பெரிதாக்கிவிட்டது. இளம்பிள்ளை வாதத்தால் கால் பாதிக்கப்பட்ட ஒருவரால் இடது காலால் கியர் மிதிக்க முடியாது. கியர் இல்லாத ஸ்கூட்டரின் பின்பக்கம் இரண்டு பக்கமும் கூடுதல் சக்கரம் பொருத்தினால், அவரே கடைக்குப் போகலாம், வேலைக்குப் போகலாம். தமிழ்நாடு அரசே மாற்றுத்திறனாளிகளுக்கு இப்படி இணைப்புச் சக்கரம் பொருத்திய ஸ்கூட்டர்களை வழங்குகிறது. எல்லா வேலையும் கையாலேயே முடிகிற வண்டி இல்லாவிட்டால் இந்தத் திட்டமே சாத்தியமில்லை.

பெண்களுக்கும் இதே கதைதான். சேலையோடு காலைத் தூக்கிப் போட்டு உட்கார்ந்து கியர் மிதிப்பது எளிதல்ல. 2018 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தொடங்கிய அம்மா இருசக்கர வாகனத் திட்டத்தில், வேலைக்குப் போகும் பெண்களுக்கு வண்டி விலையில் பாதி, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியமாகக் கிடைத்தது. 125 சிசிக்கு மிகாத, கியர் இல்லாத வண்டியாக இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அந்தத் திட்டம் பிறகு நின்றுவிட்டது. ஆனால் அதில் வாங்கிய வண்டிகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன.

சேலத்தில் ஒரு வீடு

நன்மையும் தீமையும் ஒரே வீட்டுக்குள் எப்படி வந்து சேர்கின்றன என்பதற்குச் சேலம் அம்மாப்பேட்டையில் ஒரு குடும்பத்தைக் கற்பனை செய்துகொள்ளலாம். அப்பா மில்லில் கணக்கர். 20 வருடமாக ஒரே 100 சிசி கியர் பைக். அம்மா வீட்டிலேயே பிளவுஸ் தைப்பவர். லைனிங் துணி, நூல், ஊக்கு எது தீர்ந்தாலும் அப்பா வரும் வரை காத்திருக்க வேண்டும். "ஏங்க, நாளைக்கு முகூர்த்தம். இன்னைக்கே துணி வேணும்" என்றால், "ஞாயித்துக்கிழமை பாத்துக்கலாம்" என்பார் அவர். முகூர்த்தம் ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்குமா?

அம்மா ஒருமுறை அந்த பைக்கில் பழகிப் பார்த்தார். கிளட்சைப் பட்டென்று விட்டதில் வண்டி பாய்ந்து வேலிக்குள் போய் விழுந்தது. "எனக்கு இது சரிப்பட்டு வராதுங்க" என்று விட்டுவிட்டார். பத்து வருடம் கழித்து, தைத்துச் சேர்த்த காசில் ஒரு ஸ்கூட்டர் வாங்கினார். பள்ளிக்கூட மைதானத்தில் நாலு நாள் பழக்கம். எல்.எல்.ஆர். போட்டு, எட்டு போட்டு, லைசென்ஸும் வாங்கிவிட்டார். 42 வயதில் முதன்முறையாகக் கடை வீதிக்கு யாரையும் கேட்காமல் போய் வந்தார். தையல் வேலை இரண்டு மடங்கானதைவிட, யாருக்காகவும் காத்திருக்க வேண்டாம் என்பதுதான் அவருக்குப் பெரிதாக இருந்தது.

"கியர் இல்லாததெல்லாம் ஒரு வண்டியா?" என்று சிரித்த அப்பாவுக்கு, ஐம்பது தாண்டியதும் இடது முட்டியில் தேய்மானம். இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் சாவியை எடுத்துக்கொண்டு, "சும்மா பெட்ரோல் போட்டுட்டு வரேன்" என்று ஸ்கூட்டரில் கிளம்புகிறார். டேங்க் ஏற்கனவே நிரம்பியிருக்கிறது என்பது வீட்டில் எல்லாருக்கும் தெரியும். யாரும் சொல்வதில்லை.

இது வரை நன்மை. பிரச்சினை மகன் மூலமாக வந்தது. அவன் வண்டி பழகியதே அம்மாவின் ஸ்கூட்டரில். ஸ்கூட்டரில் இடது கைப் பிடி என்பது பின் பிரேக். பைக்கில் அதே இடத்தில் இருப்பது கிளட்ச். ஒருநாள் அப்பாவின் பைக்கை எடுத்துப் போனவன், குறுக்கே வந்த நாயைப் பார்த்துப் பழக்க தோஷத்தில் இடது கையை இறுக்கிப் பிடித்தான். பிரேக் பிடிக்கவில்லை. கிளட்ச் பிடித்து, இன்ஜின் தொடர்பும் விட்டு, வண்டி இன்னும் லேசாக ஓடியது. நாய் தப்பியது, அவன் முழங்கையில் தையல். ஒரே வீட்டில் இரண்டு விதமான வண்டி வைத்திருப்பவர்கள் எல்லாரும் கவனிக்க வேண்டிய ஆபத்து இது. அவசரத்தில் மூளை யோசிக்காது, கை பழகியதைத்தான் செய்யும்.

இன்னொரு நாள் அதே மகன் நண்பனை டபுள்ஸ் ஏற்றிக்கொண்டு ஸ்கூட்டரில் ஏற்காடு போனான். ஏறும்போது ஒரு குறையும் இல்லை. இறங்கும்போது, "இறக்கம்தானே, பெட்ரோல் மிச்சம்" என்று இன்ஜினை ஆஃப் செய்துவிட்டான். 20 கொண்டை ஊசி வளைவுகள். பாதி வழியிலேயே பின் சக்கரத்தில் கருகிய வாடை. பிரேக்கை எவ்வளவு அழுத்தினாலும் பாதிதான் பிடிக்கிறது. நல்லவேளை, ஓரமாக ஒரு டீக்கடை. அரை மணி நேரம் வண்டியை ஆறவிட்டு, இன்ஜினை ஓடவிட்டு, மெதுவாக இறங்கி வந்தார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா சொன்னது: "பைக்கா இருந்தா ரெண்டாவது கியர்ல போட்டு விட்டுருப்ப. இன்ஜினே வண்டியப் புடிச்சுக்கும். இதுல அந்த வசதி கம்மி. அதையும் ஆஃப் பண்ணிட்டு வந்தா எப்படிடா?"

குறைகள்

அப்பா சொன்னதுதான் முதல் குறை. கியர் வண்டியில் கியரைக் குறைத்தால் இன்ஜின் தானே சக்கரத்தை இழுத்துப் பிடிக்கும். பெல்ட் வண்டியில் எந்த விகிதத்தில் ஓட வேண்டும் என்று ஓட்டுகிறவர் கட்டளையிட முடியாது. வேகம் மிகவும் குறையும்போது கிளட்ச் ஷூ விலகிக்கொள்வதால், இன்ஜினின் பிடிப்பு சுத்தமாகப் போய்விடும். மொத்தச் சுமையும் பிரேக் மேல்தான். ஏற்காடு, கொல்லிமலை, ஊட்டி போகிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். பிரேக்கைத் தொடர்ந்து அழுத்திக்கொண்டே வராமல், வளைவுக்கு முன்பே விட்டு விட்டுப் பிடித்து, இரண்டு பிரேக்கையும் பயன்படுத்தி, இடையில் நிறுத்தி ஆறவிட்டு வந்தால் ஆபத்து இல்லை. இன்ஜினை மட்டும் எக்காரணம் கொண்டும் அணைக்கக் கூடாது.

இரண்டாவது குறை, திருகினால் பாயும். பயத்தில் கைப்பிடியை இறுக்கிப் பிடிக்கும் புதியவர், தெரியாமல் ஆக்சிலரேட்டரையும் சேர்த்துத் திருகிவிடுகிறார். கியர் வண்டியில் கிளட்சைப் பிடித்தால் தப்பிக்கலாம். இதில் அந்த இரண்டாவது வாய்ப்பு கிடையாது. இன்ஜின் ஓடும் நிலையில் வண்டியை நிறுத்திவிட்டு முன்னால் குழந்தையை நிற்கவைத்துப் பேசிக்கொண்டிருப்பது இதனால்தான் பெரிய ஆபத்து. குழந்தையின் கை போகிற முதல் இடமே அந்தத் திருகுபிடிதான்.

மூன்றாவது, பெட்ரோல். பல்சக்கரம் வழியாகப் போகிற சக்தியைவிட பெல்ட் வழியாகப் போகும்போது வீணாவது அதிகம். நல்ல 100 சிசி பைக் லிட்டருக்கு 60 கிலோமீட்டர், 110 சிசி ஸ்கூட்டர் 45 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 750 கிலோமீட்டர் ஓட்டுகிறவருக்கு பைக்கில் 12.5 லிட்டர், ஸ்கூட்டரில் ஏறக்குறைய 16.7 லிட்டர். லிட்டர் 100 ரூபாய் என்றால் மாதம் 420 ரூபாய், வருடத்துக்கு 5,000 ரூபாய் வித்தியாசம். நாள் முழுவதும் உணவு டெலிவரி செய்கிறவருக்கு இந்தக் கணக்கு இன்னும் பல மடங்காகும். கை வலித்தாலும் பரவாயில்லை என்று அவர்களில் பலர் கியர் பைக்கையே ஓட்டுவதற்கு இதுதான் காரணம்.

நான்காவது, பராமரிப்பு. செயினுக்கு எண்ணெய் விடும் வேலை இல்லை என்பது உண்மை. ஆனால் பெல்ட், உருளைகள், கிளட்ச் ஷூ ஆகியவை தேயும். பெல்ட் முழுவதும் மூடிக்குள் இருப்பதால், அறுந்துபோகும் வரை ஓட்டுகிறவருக்குத் தெரியாது. அறுந்தால் அந்த இடத்திலேயே வண்டி நின்றுவிடும். சாலையோர மெக்கானிக்கால் செயினை ஒட்டுப்போட்டு அனுப்ப முடியும், பெல்ட்டை முடியாது. கம்பெனி சொல்லும் கிலோமீட்டரில் மாற்றிவிடுவதுதான் வழி. மழைக்காலத்தில் தேங்கிய தண்ணீரில் இறக்கினால் பெல்ட் பெட்டிக்குள் தண்ணீர் புகுந்து, இன்ஜின் கத்தும், வண்டி நகராது. பேட்டரி இறங்கிவிட்டால் பைக்கைத் தள்ளி இரண்டாவது கியரில் ஸ்டார்ட் செய்யலாம். பெல்ட் வண்டியை எவ்வளவு தூரம் தள்ளினாலும் தள்ளியவருக்கு வியர்ப்பதோடு சரி.

பெரிய பைக்குகளின் தானியங்கி முறைக்கும் குறைகள் உண்டு. விலை அதிகம். ஆப்பிரிக்கா ட்வின் பைக்கில் இரட்டை கிளட்ச் முறையால் எடை சுமார் 10 கிலோ கூடியது. 2024-ன் யமஹா முறையில் அது 3 கிலோவுக்கும் கீழே வந்துவிட்டது. மிக மெதுவாக வண்டியைத் திருப்பும்போது, கிளட்சைப் பாதி பிடித்துச் சமாளிக்கும் வித்தை இரட்டை கிளட்ச் வண்டியில் செல்லாது. பின் பிரேக்கை லேசாக அழுத்தியபடி திருப்பப் பழக வேண்டும்.

குறை யாருடையது?

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். 'ஆட்டோ கியர் வண்டி பள்ளத்தில் தூக்கிப் போடுகிறது', 'மணலில் வழுக்குகிறது' என்று சொல்வார்கள். அதற்குக் காரணம் கியர் அல்ல, ஸ்கூட்டரின் சின்னச் சக்கரம். பைக்கின் 17, 18 அங்குலச் சக்கரத்தையும் ஸ்கூட்டரின் 10, 12 அங்குலச் சக்கரத்தையும் ஒரே பள்ளத்தில் இறக்கினால் எது தடுமாறும்? வண்டியின் வடிவத்தில் உள்ள குறையைத் தானியங்கி முறையின் தலையில் கட்டுவது நியாயம் இல்லை.

அதுபோல, நாய் குறுக்கே வந்த கதையில் குற்றவாளி எந்த வண்டியும் அல்ல. வண்டி மாறும்போது கையும் மாற வேண்டும் என்று அந்தப் பையனுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் கியர் உள்ள வண்டிக்கும் இல்லாத வண்டிக்கும் தனித்தனி லைசென்ஸ் வகை வைத்திருக்கிறது. கியர் இல்லாத வண்டிக்கு மட்டும் லைசென்ஸ் வாங்கியவர் கியர் வண்டி ஓட்டக் கூடாது. பலர் இதை வெறும் சம்பிரதாயம் என்று நினைக்கிறார்கள். அந்த முழங்கைத் தையலைப் பார்த்தவர்கள் அப்படி நினைக்க மாட்டார்கள். 2019 ஏப்ரல் முதல் 125 சிசி வரையுள்ள வண்டிகளில் ஒரு பிரேக்கை அழுத்தினால் இரண்டு சக்கரமும் பிடிக்கும் கூட்டு பிரேக்கோ, ஏ.பி.எஸ். வசதியோ கட்டாயமாக்கப்பட்டது புதியவர்களுக்குப் பெரிய உதவி. ஆனால் சரியான பிடியைப் பிடித்தால்தான் அதுவும் வேலை செய்யும்!

மின்சார வண்டிகள் வந்த பிறகு

மின்சார மோட்டாருக்கு பெட்ரோல் இன்ஜினின் அந்தக் குணம் கிடையாது. நின்ற இடத்திலேயே அதற்கு முழு பலம் இருக்கிறது. அதனால் பெரும்பாலான மின்சார ஸ்கூட்டர்களில் கிளட்சும் இல்லை, மாற்றுவதற்குக் கியரும் இல்லை. ஓசூரிலும் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் இவற்றைச் செய்யும் தொழிற்சாலைகள் இருக்கின்றன. ஆக்சிலரேட்டரை விட்டதும் மோட்டாரே சக்கரத்தைப் பிடித்து, பேட்டரிக்குக் கொஞ்சம் மின்சாரம் திருப்பி அனுப்பும் வசதியும் பலவற்றில் உண்டு. பெல்ட் ஸ்கூட்டரின் இறக்கப் பிரச்சினைக்கு இது ஓரளவு தீர்வு. திருகினால் பாயும் ஆபத்து மட்டும் இங்கே இன்னும் அதிகம். சத்தமே இல்லாமல் பாயும்.

வேடிக்கை என்னவென்றால், கியர் தேவையே இல்லாத மின்சார பைக்கிலும் கியர் வைத்து விற்கிறார்கள்! 2023-ல் அகமதாபாத்தைச் சேர்ந்த மேட்டர் நிறுவனம் அறிமுகப்படுத்திய ஏரா என்ற மின்சார பைக்கில் காலால் மாற்றும் நான்கு கியர்கள் இருக்கின்றன. கியர் போடுவது சிலருக்கு வேலை அல்ல, சுகம். வளைவுக்கு முன் கியரைக் குறைத்து, இன்ஜின் உறுமலைக் கேட்டு, வெளியே வரும்போது மறுபடி ஏற்றுவதில் ஒரு இன்பம் இருக்கிறது. அதை இல்லை என்று சொல்ல முடியாது.

முடிவாக

எந்த வண்டி நல்லது என்பதை, ஓட்டப்போகிறவரின் உடம்பையும் அவர் போகும் பாதையையும் பார்த்துத்தான் சொல்ல முடியும். தினமும் 100 கிலோமீட்டர் நெடுஞ்சாலையில் போகிறவருக்கும், மலைப்பாதையில் அடிக்கடி ஏறி இறங்குகிறவருக்கும், மாதக் கடைசியில் பெட்ரோல் காசை எண்ணுகிறவருக்கும் கியர் வண்டி லாபம். நகர நெரிசலில் ஓட்டுகிறவருக்கும், மூட்டு வலிக்காரருக்கும், ஒரே வண்டியை மூன்று பேர் ஓட்டும் வீட்டுக்கும் ஆட்டோ கியர் வண்டி லாபம்.

ஆனால் இரண்டு பக்கமும் கொடுக்கும் விலை ஒரே மாதிரி அல்ல. தானியங்கியின் குறைகள் பெரும்பாலும் பணத்தாலோ பழக்கத்தாலோ சரிசெய்யக் கூடியவை. மாதம் 420 ரூபாய் அதிகம் செலவாகும். இறக்கத்தில் எப்படி பிரேக் பிடிப்பது என்று பழக வேண்டும். சாவியை எடுத்துவிட்டுத்தான் வண்டியை விட்டு இறங்க வேண்டும். கியர் வண்டியின் குறையோ வேறு விதமானது. அது சிலரை வண்டியிலேயே ஏறவிடாது. கால் முடியாதவரும், வேலியில் விழுந்து பயந்தவரும் பின் சீட்டில்தான் உட்கார வேண்டும், அல்லது வீட்டில் காத்திருக்க வேண்டும்.

ஆகவே, ஸ்கூட்டி ஓட்டுகிறவரைப் பார்த்து 'கியர் வண்டி ஓட்டத் தெரியாதா?' என்று கேட்பதற்கு முன்னால், அந்த வண்டி இல்லாவிட்டால் அவர் இன்று எங்கே இருந்திருப்பார் என்று ஒரு நிமிடம் யோசிக்கலாம். கூடவே, வீட்டில் யாருக்காவது வண்டி வாங்கிக் கொடுக்கிறவர்கள், எந்தக் கை எந்தப் பிரேக் என்பதையும், இறக்கத்தில் எப்படி வர வேண்டும் என்பதையும் சாவியோடு சேர்த்துச் சொல்லிக்கொடுத்துவிட்டால் நல்லது.